செரெப்ரியாகோவா வீட்டுச் சாப்பாட்டு மேசை

மாஸ்கோவுக்கு வரும் உறவினர்களை த்ரெத்யாகோவ் காலரி என்ற ஓவிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனால், எல்லோரும் முதலில் தேடுவது ரெப்பின், சூரிக்கோவ் என்ற பெரிய ஓவியர்களைத்தான். சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும் படங்கள் அவை. எனக்கு அங்கே பிடித்தது 75 செ.மீ. உயரமும் 65 செ.மீ. அகலமும் உள்ள ஒரு சின்னப் படம். ஓர் இளம்பெண் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருக்கிறாள். ஒரு கையில் நீளமான கூந்தல், இன்னொரு கையில் சீப்பு. முன்னால் மேசை மேல் சென்ட் பாட்டில், தொப்பி ஊசிகள், மணிமாலை, மெழுகுவர்த்தி. பார்க்கிறவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கும். உண்மையில் அவள் தன்னைத்தான் பார்க்கிறாள்.

அதை வரைந்தவர் ஜினயீதா செரெப்ரியாகோவா. 1909-ன் கடைசி. அவருக்கு வயது 25, கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டிய இரண்டு பையன்கள். கணவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். அந்த வருஷம் குளிர்காலம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. நெஸ்குச்னோயே என்ற அவர்களுடைய கிராமப் பண்ணையில் தோட்டம், வயல், பாதை எல்லாவற்றையும் பனி மூடிவிட்டது. மாடலாக வந்து உட்காரும் கிராமத்துப் பெண்கள் வர வழியில்லை. சரி, கண்ணாடியில் தெரிகிற ஆள் இருக்கிறாளே என்று ஆரம்பித்த படம் இது. அண்ணன் யெவ்கேனி லான்செரே, "கண்காட்சிக்கு ஏதாவது அனுப்பு" என்று எழுதிக் கேட்டதால் அனுப்பி வைத்தார். 1910-ல் கண்காட்சியில் வைத்தார்கள், த்ரெத்யாகோவ் காலரி வாங்கிக்கொண்டது. ஒரே நாளில் பெயர் கிடைத்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

நான் ஓவியர் இல்லை. கல்லூரியில் கொஞ்சம் வரைந்தவள், கல்யாணத்துக்கு அப்புறம் விட்டவள். கணவரின் வேலையால் மாஸ்கோவுக்கு வந்து, நீண்ட குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது மறுபடி பென்சிலைக் கையில் எடுத்தேன். வகுப்புக்குப் போகும் அளவுக்கு ரஷ்ய மொழி வரவில்லை. அதனால் இந்த அம்மாளையே வாத்தியாராக வைத்துக்கொண்டேன். அவர் என்ன வரைந்தார் என்பதைவிட, எந்த நிலைமையில் எதை வைத்து வரைந்தார் என்பதுதான் எனக்குப் பாடமாக இருந்தது. வீட்டில் இருந்துகொண்டே வரையும் யாருக்காவது பயன்படலாம் என்று இதை எழுதுகிறேன்.

குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்மா வழித் தாத்தா நிகோலாய் பெனுவா கட்டடக் கலைஞர். மாமா அலெக்ஸாந்தர் பெனுவா 'மீர் இஸ்கூஸ்த்வா' என்ற கலைக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்பா சிற்பி, மகளுக்கு இரண்டு வயது ஆகும் முன்பே இறந்துவிட்டார். அண்ணன்களில் ஒருவர் ஓவியர், ஒருவர் கட்டடக் கலைஞர். கம்பன் வீட்டுக் கட்டுத்தறி மாதிரிதான். ஆகவே 'தானாகவே முளைத்த மேதை' என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். அவர் முறையாகக் கல்லூரிப் பட்டம் வாங்காதது உண்மை. ஆனால் தெனிஷேவாவின் ஓவியப் பள்ளியில் கொஞ்ச காலம், ஓசிப் பிராஸ் என்பவரிடம் இரண்டு வருஷம், பாரிஸில் கிராண்ட் ஷோமியேர் அகாடமியில் ஒரு குளிர்காலம் என்று படித்திருக்கிறார். இத்தாலி போய் வந்திருக்கிறார்.

கல்யாணக் கதை நமக்கு வேடிக்கையாக இருக்கும். போரிஸ் செரெப்ரியாகோவ் அவருக்கு அத்தை மகன். நம் ஊரில் என்றால் பிறந்த உடனேயே பேசி முடித்திருப்பார்கள். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையில் அது கூடாத உறவு. படாத பாடுபட்டு ஒரு பாதிரியாரைச் சம்மதிக்க வைத்து 1905-ல் கல்யாணம் நடந்தது.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன். தன்னைத்தானே வரைவது சுலபமான வழி என்று சொல்வார்கள். மாடல் கிடைப்பது சுலபம், அவ்வளவுதான். வலது கையால் வரைகிறவர்கள் கண்ணாடியைத் தங்களுக்கு இடப்பக்கம், தாளை வலப்பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் வரையும் கையே முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும். நிற்கிற இடத்தில் தரையில் பாதத்தைச் சுற்றி ஒட்டு டேப்பால் அடையாளம் போட்டுக்கொள்வது நல்லது. டீ குடித்துவிட்டு வந்து அரை அடி தள்ளி நின்றால் மூக்கின் கோணமே மாறிவிடும். வெளிச்சம் ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து மட்டும் வரட்டும். மேலே டியூப் லைட்டும் எரிந்தால் நிழல் எங்கே விழுகிறது என்றே தெரியாது. டிசம்பரில் மாஸ்கோவில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. எனக்குக் கிடைத்த பகல் வெளிச்சம் எல்லாம் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம்தான்.

இன்னொரு விஷயம், இது அந்தப் படத்தின் முன் நின்று பார்த்தால்தான் புரியும். அவர் முகத்தை மட்டும் வரையவில்லை, கண்ணாடிக்குள் தெரியும் அறை முழுவதையும் வரைந்திருக்கிறார். பின்னால் வெள்ளைக் கதவு, முகம் கழுவும் ஜாடி. வெளியே பனி இருந்ததால் அறைக்குள் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது, முகவாய்க்குக் கீழேகூடக் கறுப்பு இல்லை. நான் என் முகத்தைத் தனியாக வரைந்தபோதெல்லாம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வந்தது. பின்னால் இருக்கும் பீரோ, அதன் மேல் அடுக்கிய சூட்கேஸ், துணி காயும் கொடி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்ட பிறகுதான் அது ஒரு ஆள் நிற்கும் படமானது. பின்னணியை ஒழித்துச் சுத்தம் செய்துவிட்டு வரைய உட்காராதீர்கள்.

அதே காலரியில் இருக்கும் இன்னொரு படத்தின் முன்னால்தான் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். 'காலை உணவில்', 1914. மேசையைச் சுற்றி மூன்று பிள்ளைகள்: ஷென்யா, ஷூரா, சின்னவள் தாத்தா. (ஆமாம், தத்யானாவைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல்முறை படித்தபோது எனக்கும் குழப்பம்தான்.) ஷென்யா கண்ணாடி டம்ளரில் தண்ணீர் குடிக்கிறான். ஷூரா நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறான். பாட்டி சூப் ஊற்றுகிறார், ஆனால் அவருடைய கைகள் மட்டும்தான் படத்துக்குள் இருக்கின்றன. கடைக்குட்டி காத்யா அப்போது கைக்குழந்தை, படத்தில் இல்லை. மேசை விரிப்பின் வெள்ளை, தட்டுகளின் வெள்ளை, பையன்களின் நீலச் சட்டை. எதுவுமே நடக்காத படம். ஆனால் எந்தத் தாயும் நின்று பார்ப்பாள், ஏனென்றால் அது பரிமாறுகிறவள் நின்றுகொண்டு பார்க்கும் உயரத்திலிருந்து வரைந்தது. தட்டுகள் நீள்வட்டமாக நன்றாக விரிந்து தெரிகின்றன. உட்கார்ந்து வரைந்திருந்தால் அவை கோடுகளாகச் சுருங்கியிருக்கும்.

பிள்ளைகளை வரைய முயன்ற எல்லோருக்கும் தெரியும், 'கொஞ்சம் ஆடாமல் உட்காரு' என்றால் அந்த நொடியிலேயே ஆடத் தொடங்குவார்கள். சாப்பாட்டு நேரம் மட்டும் வேறு. அப்போதும் அசைவார்கள், ஆனால் ஒரே அசைவுக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். குனிவது, வாய்க்குக் கொண்டு போவது, நிமிர்ந்து அண்ணனை முறைப்பது. ஒரே தாளில் இந்த மூன்று நிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஆரம்பித்துவிட வேண்டும். பிள்ளை எந்த நிலைக்கு வருகிறதோ அந்தப் படத்தில் இரண்டு கோடு சேர்க்க வேண்டும். நான் இதில் கண்டுகொண்ட வசதி என்னவென்றால், மேசையையும் தட்டுகளையும் யாரும் வருவதற்கு முன்பே வரைந்து வைத்துவிடலாம். தட்டு ஓடிப் போகாது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் தலையும் தோளும் கையும் மட்டும் பிடித்தால் போதும். டம்ளருக்குப் பின்னால் பாதி முகம் மறைந்திருந்தால் அதையும் அப்படியே விட்டுவிடலாம், ஷென்யாவின் முகத்தை அவர் விட்டிருப்பதுபோல. போன் கையில் கொடுத்து உட்கார வைத்து வரைவதும் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை, எல்லாப் படத்திலும் கண் இமை மட்டும்தான் மிஞ்சியது.

கிராமத்துப் பெண்களின் பெரிய படங்கள் இந்தக் காலத்தைச் சேர்ந்தவைதான். 'அறுவடை' 1915, 'துணி வெளுத்தல்' 1917. அடிவானத்தை மிகவும் கீழே இறக்கிவிட்டுப் பெண்களை வானத்தின் பின்னணியில் நிறுத்தியிருப்பார், கோயில் சுவரோவியத்தில் நிற்பவர்களைப் போன்ற கம்பீரம். நீங்களும் செய்து பார்க்கலாம்: பூங்காவில் பெஞ்சில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, நடந்து போகிறவர்களை வரையுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரைந்தவர் பண்ணைக்காரர் வீட்டுப் பெண், வரையப்பட்டவர்கள் அந்த நிலத்தில் பாடுபட்டவர்கள். அந்தப் பெண்களின் முகத்தில் களைப்பே இல்லை. நாள் முழுக்க ஈரத் துணி தூக்கியவளின் இடுப்பு அப்படி நேராக நிற்காது. மிக அழகான படங்கள், முழு உண்மை இல்லை என்பது என் கருத்து.

புரட்சி வந்தது. உள்நாட்டுப் போரில் பண்ணை வீடு எரிந்து போனது, வீட்டோடு படங்களும். 1919 மார்ச்சில் போரிஸ் டைபஸ் காய்ச்சலில் அவர் கையிலேயே இறந்தார். ஜினயீதாவுக்கு அப்போது 34 வயது. நான்கு பிள்ளைகள், மூத்தவனுக்குப் பதின்மூன்று நிறையவில்லை. கூடவே வயதான தாய். கார்கோவில் (இன்றைய கார்கிவ்) ஒரு தொல்லியல் அருங்காட்சியகத்தில் அகழ்ந்தெடுத்த பொருட்களைப் பார்த்துப் பென்சிலில் வரைந்து கொடுக்கும் வேலை கிடைத்தது. எண்ணெய் வண்ணம் வாங்கக் காசில்லை, கடையில் கிடைப்பதுமில்லை. பென்சிலும் கரியும்தான்.

அந்த வருஷம் வரைந்த 'சீட்டுக்கட்டு வீடு' செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான்கு பிள்ளைகள் மேசையில் சீட்டுகளை அடுக்கி வீடு கட்டுகிறார்கள். அதே பிள்ளைகள், ஐந்து வருஷம் வளர்ந்தவர்கள். வெள்ளை விரிப்பு இல்லை, சூப் இல்லை, உடைகள் கருநீலம், யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. படத்துக்கு விளக்கமே தேவையில்லை. இரண்டு படங்களையும் போனில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் நான் பொருட்களைப் பற்றிப் புலம்புவதை நிறுத்தினேன். நல்ல பிரஷ் இல்லை, இங்கே எல்லாம் விலை அதிகம் என்பதெல்லாம் எனக்குச் சாக்காக இருந்தது. கரிக்குச்சி ஒரு பெட்டி, பழுப்புப் பார்சல் தாள், ரொட்டித் துண்டு ஆகியவை போதும். ரொட்டியின் உள்பக்கத்தைப் பிசைந்து உருட்டினால் கரியை அழிக்க ரப்பரைவிட நன்றாக வேலை செய்யும், பழைய ஓவியப் பள்ளிகளில் அதுதான் வழக்கம். பழுப்புத் தாளில் நடு நிறம் ஏற்கெனவே இருக்கிறது. இருட்டுக்குக் கரி, வெளிச்சத்துக்கு வெள்ளைச் சாக்பீஸ், மீதியைத் தாளே பார்த்துக்கொள்ளும்.

1920-ன் கடைசியில் குடும்பம் பெத்ரோகிராதுக்கு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), தாத்தா நிகோலாய் பெனுவாவின் பழைய வீட்டுக்குக் குடிபோனது. மகள் தத்யானா பாலே பள்ளியில் சேர்ந்ததால், மாரின்ஸ்கி நாடக அரங்கின் ஒப்பனை அறைகளுக்குள் போக அம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. உடை மாற்றும், காலணி நாடா கட்டும் நடனப் பெண்களைப் பாஸ்டலில் (வண்ணப்பொடிக் குச்சியில்) வரைந்தார். மேடையை அல்ல, மேடைக்குப் பின்னால். மகளைப் பள்ளியில் விடப் போகிற இடத்திலிருந்தே ஒரு படவரிசை கிடைத்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிள்ளைகளின் நீச்சல் வகுப்பில் காத்திருக்கும் அம்மாக்களை நான் வரைய ஆரம்பித்தது அதைப் படித்த பிறகுதான். ரஷ்ய பாட்டிகள் இதற்கு மிக நல்ல மாடல்கள். பேத்தி தண்ணீரில் இருக்கும்வரை கண் அந்தப் பக்கமே இருக்கும், தலை அசையாது. கேட்டுவிட்டு வரையுங்கள், முடிந்ததும் காட்டுங்கள். பெரும்பாலும் "மூக்கு இவ்வளவு பெரிதா?" என்றுதான் கேட்பார்கள்.

1924 ஆகஸ்டில் அவர் பாரிஸுக்குக் கிளம்பினார். ஒரு பெரிய அலங்காரச் சுவரோவியத்துக்கு அழைப்பு வந்திருந்தது, சம்பாதித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பலாம் என்று கணக்கு. திரும்பவில்லை. மகன் அலெக்ஸாந்தர் (ஷூரா) 1925-ல், காத்யா 1928-ல் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். மூத்த மகன் யெவ்கேனியும் (ஷென்யா) தத்யானாவும் பாட்டியோடு சோவியத் நாட்டிலேயே தங்கிவிட்டார்கள். எல்லை இறுகிவிட்டது. 1933-ல் தாய் இறந்தபோதும் அவரால் போக முடியவில்லை. தத்யானாவை மறுபடி பார்த்தது 1960-ல், முப்பத்தாறு வருஷம் கழித்து. அவள் அதற்குள் மாஸ்கோ கலை நாடக அரங்கில் மேடை அலங்கார ஓவியர், நடுவயதுப் பெண். 'கலைக்காக எல்லாவற்றையும் துறந்தவர்' என்று இதை எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். அவர் கலைக்காகப் போகவில்லை, வீட்டுச் செலவுக்காகப் போனார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

பாரிஸில் காசும் பெரிதாக வரவில்லை. அங்கே அப்போது புது பாணிகளுக்குத்தான் மவுசு, இவருடைய இயல்பான படங்கள் பழசாகத் தெரிந்தன. பணக்கார வீடுகளில் உருவப்படம் வரைந்தார். நாலு பேரிடம் சொல்கிறேன் என்ற வாக்குறுதியை நம்பிப் பலருக்கு இலவசமாகவும் வரைந்து கொடுத்தார், அதில் பெரும்பாலும் பயன் ஏதும் வரவில்லை. அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இந்த வேதனை நிறைய உண்டு.

இதில் ஒரு பாடம் இருக்கிறது, அதைக் கறாராகவே சொல்கிறேன். உருவப்படம் கேட்டு யாராவது வந்தால் முன்பணம் பாதி வாங்குங்கள். எத்தனை தடவை உட்கார வேண்டும், படத்துக்குச் சட்டம் போடுவது யார் செலவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். 'ஒத்துப்போகவில்லை' என்று சொன்னால் எவ்வளவு திருத்தம் செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள். என்னிடம் இந்திய நண்பர்கள் வட்டத்தில் "உனக்கு விளம்பரமாக இருக்குமே" என்று சொன்னவர்கள் உண்டு. அன்பளிப்பாகக் கொடுக்க விருப்பமிருந்தால் கொடுக்கலாம், விளம்பரத்துக்காகக் கொடுக்காதீர்கள். இரண்டும் வேறு.

நல்லது நடந்தது மொராக்கோவில். பெல்ஜியத்துச் செல்வந்தர் பரோன் தெ புரூவேர் 1928-லும் 1932-லும் அவருடைய பயணச் செலவை ஏற்றுக்கொண்டார், பதிலுக்குப் படங்களில் பிடித்ததை எடுத்துக்கொள்வார். மராகேஷ் தெருக்களில் யாரும் நெடுநேரம் உட்கார மாட்டார்கள், உருவம் வரைவதையே விரும்பாதவர்களும் உண்டு. ஆகவே பாஸ்டல், அரை மணி நேரத்துக்குள். பாஸ்டல் காயக் காத்திருக்க வேண்டாம், வண்ணம் கலக்கத் தட்டு வேண்டாம். அவருடைய பாஸ்டல் படங்களில் பார்க்க வேண்டியது, தாளை எவ்வளவு தூரம் காலியாக விட்டிருக்கிறார் என்பது. முகத்தில் மட்டும் நெருக்கமாக வேலை, தோளுக்குக் கீழே நாலைந்து கோடுகள்.

நான் பாஸ்டலில் கற்றது இவ்வளவுதான்: வெள்ளைத் தாளில் ஆரம்பிக்காதீர்கள். மணல் அல்லது களிமண் நிறத் தாள் தோல் நிறத்துக்குப் பாதி வேலையைச் செய்துவிடும். கடினமான குச்சி முதலில், மென்மையானது கடைசியில், மாற்றிச் செய்தால் மேலே எதுவும் ஒட்டாது. எல்லாவற்றையும் விரலால் தேய்த்து வழுவழுப்பாக்கும் ஆசையை அடக்குங்கள். பொடி உதிராமல் இருக்க ஒட்டு ஸ்பிரே அடித்தால் நிறம் கொஞ்சம் கறுக்கும், ஆகவே மெல்லிய பூச்சாக அடியுங்கள். கண்ணாடிச் சட்டம் போடும்போது படத்தைக் கண்ணாடி தொடக்கூடாது, இரண்டுக்கும் நடுவே விளிம்பைச் சுற்றிக் கெட்டி அட்டை வையுங்கள்.

இந்தியாவோடு அவருக்கு ஒரு தொடர்பு உண்டு, கொஞ்சம் விசித்திரமானது. 1916-ல் மாஸ்கோவின் கசான் ரயில் நிலையத்தை அலங்கரிக்க மாமா பெனுவா அவரையும் சேர்த்துக்கொண்டார். கட்டடம் ஷூசெவ் வடிவமைத்தது, பின்னாளில் லெனின் சமாதியையும் அவர்தான் வடிவமைத்தார். கிழக்கே போகும் ரயில்கள் என்பதால் கிழக்கு நாடுகளைப் பெண்களாக வரையச் சொன்னார்கள். இந்தியா, ஜப்பான், துருக்கி, சயாம். அந்த ஓவியங்கள் முன்வரைவோடு நின்றுவிட்டன, சுவருக்கு ஏறவே இல்லை. அந்த 'இந்தியா'வைப் பார்த்தால், இந்தியாவைப் பார்க்காதவர் வரைந்தது என்பது தெரியும். கற்பனைக் கிழக்கு. கண்முன் இருப்பதை வரையும்போது இருந்த பலம் அதில் இல்லை. நிலையத்துக்குப் போனால் பழைய உணவகக் கூடத்தின் விதானத்தில் பிற்காலத்தில் அண்ணன் லான்செரே வரைந்தவைதான் இருக்கின்றன.

1965-ல் மாஸ்கோவில் அவருடைய கண்காட்சி நடந்தது, அப்புறம் கீவ், லெனின்கிராத் (செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்). கூட்டம் அலைமோதியது. உடல்நிலை காரணமாக அவர் வரவில்லை. 1967 செப்டம்பர் 19 அன்று பாரிஸில் காலமானார், வயது 82.

பார்க்கப் போகிறவர்களுக்கு: த்ரெத்யாகோவின் லாவ்ருஷின்ஸ்கி சந்துக் கட்டடத்துக்குப் போங்கள், கிரீம்ஸ்கி வால் கட்டடத்துக்கு அல்ல. திங்கட்கிழமை விடுமுறை. ரஷ்ய அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே பெனுவா பகுதி என்று ஒரு கட்டடம் இருக்கிறதே, அதைக் கட்டியவர் இவருடைய இன்னொரு மாமா லியோந்தி பெனுவா. படங்கள் வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போய்விடுவது உண்டு, டிக்கெட் எடுக்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. குளிருக்குப் போட்ட கோட்டைக் கீழே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சின்ன நோட்டில் பென்சிலால் வரைந்தபோது என்னை யாரும் தடுத்ததில்லை. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டியம்மா எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார், பயப்பட வேண்டாம். 'அறுவடை' ஒடெஸா அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது, நெஸ்குச்னோயே இருந்த இடமும் இன்றைய உக்ரைனின் கார்கிவ் வட்டாரத்தில்தான். அந்த இரண்டையும் போர் முடிந்த பிறகுதான் பார்க்க வேண்டும்.